ராஜா ராணி வீடு

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. முனையில் பலகையும் நட்டிருக்கிறார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் டிரைவர் முழிப்பார். ‘ராஜா ராணி வீட்டுத் தெரு’ என்றால் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புவார். கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குகள், ஆசிரியர்கள், ரிட்டயரான தாசில்தார் ஒருவர் என்று சம்பளக்காரர்களாகவே குடியிருக்கும் தெரு. விலாசம் மட்டும் கூத்துக்காரர் வீட்டை வைத்து. எங்களுக்கு இதில் முதலில் கொஞ்சம் மனக்குறை இருந்தது. பிறகு அதுவே பெருமையாகிவிட்டது.

ராஜா என்பது கண்ணாயிரம். ராணி அவர் மனைவி தனம். இரண்டு பேரும் ஒரே ஜமாவில் வேஷம் கட்டினார்கள். கூத்துக் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்போம். அதை நடத்துகிறவர் வாத்தியார். கண்ணாயிரம்தான் வாத்தியார். நாங்கள் குளித்து விபூதி வைத்து ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர்கள் வேலை முடிந்து வேனில் வந்து இறங்குவார்கள். முகத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு ஆட்டக்களத்திலேயே துடைத்திருப்பார்கள். அவர் முகத்தை இவள் துடைப்பாள், இவள் முகத்தை அவர் துடைப்பார். அப்படியும் தனத்தின் காதுக்குப் பின்னால் ரோஸ் அரிதாரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தெருவில் நடந்துகொண்டே கண்ணாயிரம் துண்டு நுனியால் அதைத் தேய்ப்பார். அவள் தலையைச் சாய்த்துக் காட்டுவாள். அரசாங்க உத்தியோகத்தில் இருபக்கச் சம்பளம் வாங்கும் தம்பதிகள் எங்கள் தெருவில் உண்டு. இப்படித் தலை சாய்த்த ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் கருமாதிக்கு முந்தின ராத்திரி கூத்து வைப்பார்கள். செத்தவர் நல்லபடியாகப் போய்ச் சேர, ராஜா சாகிற கதையாகப் பார்த்து ஆடுவார்கள். அதற்கென்றே கண்ணாயிரம் ஒரு கதை கட்டி வைத்திருந்தார். வீரகண்டன் என்று ஒரு ராஜா, செங்கமலம் என்று ராணி. ராஜா சண்டையில் விழுந்துவிடுவார். உயிர் மட்டும் போகாது. விடிகிற நேரத்தில் ராணி களத்துக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாடி, தன் தாலியை எடுத்து அவர் கிரீடத்தில் சுற்றிவைத்து, கையை விடுவாள். அப்புறம்தான் உயிர் போகும். பெற்ற தாய் செத்தபோது அழாதவன்கூட அந்த இடத்தில் அழுவான். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இதையே அரைமணி நேரத்தில் ஆடிக்காட்டச் சொன்னார்கள். ஒரு ராத்திரி முழுக்கச் சாக வேண்டிய ராஜா அரைமணியில் செத்தால் விஷம் குடித்தான் என்றுதான் நினைப்பார்கள் என்று கண்ணாயிரம் மாட்டேன் என்றுவிட்டார்.

அந்தக் கதைக்காகக் கூத்துப் பெட்டியில் ஒரு வேஷத் தாலி இருந்தது. மஞ்சள் கயிற்றில் பித்தளைத் துண்டு. தனம் தன் சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். மேலே வேஷத் தாலியைக் கண்ணாயிரம்தான் கட்டிவிடுவார், ஒவ்வொரு ஆட்டத்துக்கும், திரைக்குப் பின்னால். “எல்லாரும் ஒரு தரம் கட்டிட்டு ஜென்மம் பூரா அவஸ்தப்பட்றான். நான் வாராவாரம் கட்றேன்” என்பார். ஜமாக்காரர்கள் சிரிப்பார்கள். தனமும் சிரிப்பாள்.

இந்தச் சித்திரையில் கண்ணாயிரம் இறந்துபோனார். இறந்த விதத்தைச் சொன்னால் கூத்துக்காரர் வீட்டில் மட்டுமே இப்படி நடக்கும் என்பது புரியும். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடிவிட்டுக் காலையில் வந்தார்கள். பழைய சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தார். வெயில் கொளுத்தியது. தனம் புடவையை நனைத்து ஜன்னலில் கட்டினாள். கேஸ் சிலிண்டர் போடுகிற ஆளை மணி அடிக்காதே என்று வாசலிலேயே மடக்கினாள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன என்னிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ராத்திரி முழுக்க ஆடினவன் பகலில் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சாயங்காலம் அடுத்த ஊர் ஆட்டத்துக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. தலை பின்னி, பிளாஸ்கில் காபி ஊற்றி வைத்துவிட்டு எழுப்பப் போனாள். உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

“தூக்கத்துக்குக் காவல் இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன் சரசு” என்று என் மனைவியிடம் சொன்னாளாம். பத்திரிகை வைக்கப் போன நானாவது சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணாயிரத்தின் அண்ணன் சக்கரபாணி கிராமத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற கை. வெயிலில் வெந்து சிவந்த மனுஷர், பேச்சு கம்மி. தம்பி கூத்துக்குப் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. போன இடத்தில் ஆரணிப் பக்கத்து நாடகக்காரி மகளைக் கட்டிக்கொண்டது அதைவிடப் பிடிக்கவில்லை. கூத்தாடிக்கு அண்ணன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, தம்பி ஆடின ஒரு ஆட்டத்தையும் அவர் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஆனால் கொள்ளி வைத்தது அவர்தான். பந்தல்காரனைப் பிடித்தது, அரிசி மூட்டை இறக்கியது, நர்சிங் படிக்கிற தம்பி மகள் சினேகாவை அழாதே என்று தலையில் தட்டியது எல்லாம் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல நாக்கு வராது.

கருமாதிக்கு முந்தின நாள் காலை பந்தலில்தான் பேச்சு வந்தது. ஜமாக்காரர்கள் சார்பில் மாறன் வந்து நின்றான். கண்ணாயிரத்துக்கு எதிரில் சண்டைக்கு நிற்கிற வேஷம் அவனுடையது. வாத்தியார் கருமாதிக்கு வாத்தியார் கதையையே ஆடப்போகிறோம், ராஜா வேஷம் நான் கட்டுகிறேன், ராணி எப்போதும்போல அக்காதான் என்றான். சக்கரபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கூத்து வைக்கிறது மொறைதான். ஊர்ல எத்தன சாவுக்கு ஆடனான் என் தம்பி. அவனுக்கு ஆடலன்னா எப்படி? ஆனா தனம் வேஷம் கட்ட வேணாம்.”

தனம் முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சமையலுக்கு. கையை நிறுத்தவில்லை.

“ஏன் மாமா?”

“நாளைக்குக் காலைல ஏரிக்கரைல உனக்குத் தாலி வாங்கறாங்க. முந்தின ராத்திரி பூவும் பொட்டுமா, மூஞ்சில ரோஸ் பூசிகினு நின்னா நம்ம ஜனம் என்னா சொல்லும்?”

“என்னா சொல்லும்?”

“புருஷன் எரிஞ்ச சூடு ஆறல, ஆட்டம் ஆடறா பாருன்னும்.”

சக்கரபாணியின் மனைவி ரேணுகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து தனத்தோடு சேர்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் தாழ்த்திப் பேசினாள். அதில் பகை இல்லை. பகை இருந்திருந்தால் தனத்துக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

“தனம், நான் சொல்றத கேளு. காரியம் முடிஞ்சுட்டா பொட்டெடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் உன்ன ராணின்னு எந்த ஊர்ல ஒத்துக்குவான்? கோயில் கூத்துக்குக் கூப்புடுவானா? இன்னிக்கே விட்டுட்டா கௌரவமா விட்டதா இருக்கும். எங்கூட ஊருக்கு வந்துடு. மாடு இருக்குது, நெலம் இருக்குது. ஒருத்தி சோறு எங்களுக்கு பாரமா?”

“நீ பாரம்னு சொல்ல மாட்ட அக்கா. எனக்குத் தெரியாதா?” என்றாள் தனம். “ஆனா நான் சோத்துக்கு ஆடல. சோறு மட்டும்னா எங்கயாவது சித்தாள் வேலைக்கிப் போவேன். நானும் அவரும் கட்டன வேலை இது. அவர் செத்ததுக்கு அதையும் ஏன் சாவடிக்கணும்?”

மாறன் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சினேகா உள்ளேயிருந்து வந்து, அம்மா ஆடட்டும் பெரியப்பா என்று மெல்லச் சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது உள்ளே போ என்றார் சக்கரபாணி. அவள் போகவில்லை.

தனம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள்.

“மாமா, அந்தக் கதை நீங்க பாத்ததில்ல. அதுல ராணி கைய விட்டாத்தான் ராஜாவுக்கு உயிர் போவும். அவர் அப்படித்தான் கட்டி வெச்சிருக்காரு. நான் நிக்காம வேற யாரையாவது ராணியா நிக்க வெச்சா, அங்க சாவறது வெறும் மாறன்தான். இது அவருக்காக ஆடறது. அவர் போவணும் இல்ல?”

சக்கரபாணி வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு நேரே மலை தெரிகிற வீடு அது. மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஒரு ராத்திரி. விடிஞ்சா ரேணுகா சொல்றத கேக்கணும்.”

“விடியட்டும் மாமா.”

சாயங்காலம் கோடை மழை நாலு தூறல் போட்டுப் புழுதி வாசனையைக் கிளப்பிவிட்டு ஓடிப்போனது. வேஷம் கட்ட என் வீட்டுக் கார் ஷெட்டைக் கொடுத்தேன். கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு. கூத்துப் பெட்டியைத் திறந்ததும் அரிதார நெடியும் பழைய வேர்வை நெடியும் கலந்து அடித்தன. எதிரும் புதிருமாக உட்கார்ந்து கைக்கண்ணாடி பிடித்து முகம் எழுதினார்கள். மாறன் வாத்தியாரின் கிரீடத்தைக் கையில் எடுத்ததும் குலுங்கி அழுதான். முகத்தில் பூசியிருந்தது கோடு கோடாக வழிந்தது. தனம் எழுந்து வந்து அவன் முகத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தாள்.

“வேஷக்காரன் அழக்கூடாது, ஜனந்தான் அழணும்னு வாத்தியார் சொல்வாரா மாட்டாரா? நீ அழுதுட்டா அவங்களுக்கு என்னா வேலை? மறுபடியும் பூசு. அவர் பேரக் கெடுத்தன்னா களத்துலயே அறைவேன்” என்றாள்.

அவன் மறுபடியும் பூசினான். ஜமாவின் கட்டியக்காரன் அருணகிரி, கோமாளி வேஷம் கட்டுகிறவர், பெட்டியைத் துழாவிக்கொண்டே வந்து மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வேஷத் தாலி. கட்டுகிற ஆள் இல்லை. மாறன் கட்ட முடியாது. வேஷமானாலும் தாலி தாலிதான். அவளே கட்டிக்கொள்வதும் வழக்கம் இல்லை. எல்லாரும் அந்தக் கயிற்றையே பார்த்தோம். அருணகிரி அதை உள்ளங்கையில் சுருட்டி மறைக்கப் பார்த்தார்.

“பெட்டிலயே போடுண்ணா” என்றாள் தனம். ரவிக்கைக்குள் செருகியிருந்த தன் தாலியை வெளியே எடுத்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்துப் புருவத்துக்கு மை இழுத்தாள்.

கூத்தைப் பற்றி என்ன சொல்ல. தெரு அடைத்துக்கொண்டு ஜனம். கலெக்டர் ஆபீசில் ஃபைல் தேடுகிற ராஜாக்கள் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று அருணகிரி எங்களைத்தான் முதலில் பிடித்தார். ரிட்டயரான தாசில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிருதங்கமும் ஹார்மோனியமும் மாறி மாறி இழுக்க, திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வந்தார், சண்டைக்குப் புறப்பட்டார், விழுந்தார். மாறன் நன்றாகவே ஆடினான். சக்கரபாணி முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோனார்.

கிழக்கே வெளுக்கிற நேரத்தில் மலையின் உருவம் தெரிய ஆரம்பித்தது. ராணி களத்துக்குள் வந்தாள். இத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருந்து காய்கறிக்காரனிடம் பேரம் பேசிய தனம் இல்லை அது. விழுந்து கிடந்த மாறனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துப் பாடினாள். கல்யாணமாகி வந்த நாள் தொட்டு ராஜா தனக்குச் செய்ததை எல்லாம் ராணி சொல்கிற பாட்டு. குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. சரசு அழுதாள். தாசில்தார் அழுதார். நானும்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் இருந்தது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான்.

பிறகு மாறன் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். மற்ற ஆட்டங்களில் வேஷத் தாலியை ஒரே இழுப்பில் இழுத்து அறுப்பாள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இழுக்கவில்லை. இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், கயிற்றை நிதானமாகத் தலைவழியாகக் கழற்றினாள். கொண்டைப் பூவில் மாட்டியது. விடுவித்தாள். கயிற்றில் கோத்திருந்த தங்கக் குண்டுகள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னின. பித்தளை அப்படி மின்னாது. கிரீடத்தைச் சுற்றி அதை வைத்துவிட்டு, மாறனின் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அது நெசத் தாலி” என்றாள் ரேணுகாம்பாள் பெண்கள் கூட்டத்திலிருந்து. பாதிக் குரலில்தான் சொன்னாள். தெருவே கேட்டது. மிருதங்கக்காரர் ஒரு தட்டு தப்பி மறுபடி பிடித்துக்கொண்டார்.

தனம் திரும்பிப் பார்க்கவில்லை. ராணிக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

“மகாராஜா, கையை விட்டேன். வழி பார்த்துப் போங்கள்.”

விட்டாள். கை தரையில் விழுந்தது. கதைப்படி உயிர் போய்விட்டது. ஆனால் மூடின கண்ணிலிருந்து மாறனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. செத்த ராஜா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காக அவனைத் தனம் அறையவில்லை.

கூட்டம் கலையவில்லை. ஏரிக்கரைக்குப் போகத் தட்டில் மஞ்சளும் பாலும் வெள்ளைத் துணியும் எடுத்து வைத்திருந்த பெண்கள் ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சக்கரபாணி ஆறிப்போன டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கால் மரத்துப்போய்த் தள்ளாடினார்.

“அவ கழட்டிக் குடுத்துட்டா. என் தம்பி வாங்கிகினான்” என்றார். “நடுவுல நாம யாரு வாங்கறதுக்கு? தட்ட உள்ள வைங்க.”

சொல்லிவிட்டு, தம்பி செத்த அன்றைக்கும் அழாத மனுஷர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்களிடம், என் தம்பி கட்டின கதை, என் தம்பி கட்டின கதை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தனம் என் வீட்டு ஷெட்டில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் விட்டு முகத்தில் தேய்த்து, தானே துடைத்துக்கொண்டாள். ரோஸோடு மையும் பொட்டும் சேர்ந்து துணியில் வந்தன. துடைத்து முடித்து, கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த தன் சின்னப் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்து அழுத்தினாள். ரேணுகாம்பாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். இப்போது ஏதோ சொல்லப்போகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் உள்ளே வந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

“காதுக்குப் பின்னால ரோஸ் இருக்குது. தலைய சாய்” என்றாள்.

தனம் தலையைச் சாய்த்தாள். அப்போதுதான் உடைந்தாள். அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் ரேணுகாம்பாளின் மடியில் கொட்டியது. வேஷம் கலைத்தாகிவிட்டது, இனி அழலாம்.

காரியம் முறைப்படி நடந்தது. மத்தியானம் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டார்கள். வடை பாயசம், மல்லாட்டைச் சட்னி. தனம் ஒரு கை சோறு சாப்பிட்டுவிட்டு, கண்ணாயிரம் படுத்த அதே அறையில் பாயை விரித்துப் படுத்தாள். ராத்திரி முழுக்க ஆடின உடம்பு, உடனே தூங்கிவிட்டாள். சினேகா ஒரு புடவையை நனைத்து ஜன்னலில் கட்டினாள்.

சக்கரபாணி நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். துக்கம் கேட்கப் பிந்தி வந்தவர்களைப் படியிலேயே நிறுத்தினார். குறி சொல்கிறவள் ஒருத்தி உடுக்கையோடு வந்தாள். தெருமுனைக்கே ஓடிப்போய்த் திருப்பி அனுப்பினார். நான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அன்றைக்குத் தனம் செய்தமாதிரியே உதட்டில் விரலை வைத்தார்.

“ஆடிட்டு வந்து தூங்குது. நாளைக்கு சாயங்காலம் வேற ஊர்ல ஆட்டம் இருக்குதாம், மாறன் சொல்லிட்டுப் போனான். இன்னிக்கி தூங்கனாத்தான் ஆச்சு” என்றார் ரகசியக் குரலில். “நாளைக்கு நானும் போறேன் சார். முதல்ல இருந்து பாக்கணும்.”

நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து அவர் தம்பி மகளைக் கூப்பிடுவது கேட்டது.

“சினேகா, உள்ள போயி உங்கம்மா மூச்சு வருதான்னு பாத்துட்டு வா. எழுப்பாத, பாத்துட்டு மட்டும் வா.”

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வருகிறது பெரியப்பா என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அனுப்பினார்.